டேஷ்போர்டுக்கு முன்னால் ஒரு கேள்வி
டேஷ்போர்டு (முக்கியமான எண்களை ஒரே திரையில் காட்டும் அறிக்கை) வரையும் முன், அதைப் பார்த்து யார், எந்த முடிவை, எத்தனை நாளுக்கு ஒருமுறை எடுக்கப்போகிறார் என்று ஒரே வரியில் எழுதுங்கள். எழுத வரவில்லையா? அந்த அறிக்கை தேவையில்லை.

அடுத்தது வரையறை, அதாவது ‘மாத விற்பனை’ போன்ற ஓர் எண்ணை எப்படிக் கணக்கிடுவது என்பது. பெரும்பாலான குழப்பம் இங்கேதான். விற்பனைப் பிரிவு ஆர்டர் வந்த தேதியை வைத்துக் கணக்கிடும், கணக்குப் பிரிவு பில் போட்ட தேதியை. ஒரே மாதத்துக்கு இரண்டு தொகை வந்துவிட்டால், எது சரி என்ற வாக்குவாதத்திலேயே கூட்டம் முடிந்துவிடும். வரி சேருமா, திரும்பி வந்த சரக்கு கழியுமா என்பதையும் எழுதிவையுங்கள்.

ஆர்டர் டேபிளையும் பொருள் டேபிளையும் இணைக்கும்போது, 3 பொருள் உள்ள ஆர்டர் 3 வரிசைகளில் வந்து, அதன் தொகை 3 முறை கூடிவிடலாம். இணைப்புக்கு முன்னும் பின்னும் மொத்தத்தை ஒப்பிடுங்கள்.

சராசரி மட்டும் போதாது. 9 டெலிவரி 2 நாளிலும் ஒன்று 22 நாளிலும் போனால் சராசரி 4 நாள். தவித்த அந்த ஒரு வாடிக்கையாளர் அதில் தெரியவே மாட்டார்.