இருட்டுக் காட்டில் எதிரே ஆள் வந்தால்

காட்டுப் பாதையில் இருட்டிய பிறகு எதிரே டார்ச் வெளிச்சம் தெரிந்தால், இருக்கிற இடத்திலேயே நின்றுவிடுங்கள். ஓடினால் கால் இடறும், வழி தவறும். அதைவிட மோசம், புதர் முறிய ஓடும் சத்தத்தை எதிரே வருபவர் காட்டுப்பன்றி என்றோ கரடி என்றோதான் எடுத்துக்கொள்வார். அவர் கையில் கல்லோ நாட்டுத் துப்பாக்கியோ இருந்தால் அடுத்து நடப்பது உங்கள் கையில் இல்லை. பதுங்குவதும் அதே அளவு தப்பு. பதுங்கி இருப்பவன் அகப்பட்டால், நல்லவனாகவே இருந்தாலும் திருடனாகத்தான் தெரிவான்.

இது தமிழகத்து மலைக்காடுகளையும் அவற்றின் ஓரத்துக் கிராமங்களையும் மனத்தில் வைத்து எழுதியது: தாளவாடி, பர்கூர், தேன்கனிக்கோட்டை, கொடைக்கானல் மலையின் கீழ்ச்சரிவுகள் போன்ற இடங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் தீ பரவி மலையேறப் போனவர்கள் 20க்கும் மேற்பட்டோர் இறந்தபின், மலையேற்றத்துக்குத் தனி விதிகள் அந்த ஆண்டே வந்தன. ஆகவே இரவில் டென்ட் போட வாய்ப்புள்ளது தனியார் தோட்டத்திலோ வனத்துறை அனுமதித்த முகாமிலோதான். மற்றபடி இருட்டில் காட்டில் மாட்டிக்கொள்பவர்கள் வழி தவறியவர்கள், இறங்கத் தாமதமானவர்கள், வண்டி நின்றுபோனவர்கள். மூன்று வகையினருக்கும் கீழே உள்ளது பொருந்தும்.

வெளிச்சத்தைப் படிப்பது

ஆளைப் பார்ப்பதற்கு முன்பே அவர் யார் என்று பாதி சொல்லிவிடுவது வெளிச்சம்தான். தரையை ஒட்டி, நடைக்கு ஏற்ப ஆடிக்கொண்டு, ஒரே வேகத்தில் வந்தால் அது ஊருக்குத் திரும்புகிறவர், அல்லது காணாமல் போன மாட்டைத் தேடுகிறவர். தரையில் விழாமல் புதர் மேலும் மரக்கிளை மேலும் மெதுவாகத் துழாவினால், கண்களைத் தேடுகிறார்கள் என்று பொருள். மான், மரநாய் போன்றவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் டார்ச் பட்டதும் கண் மின்னும். வேட்டைக்காரர்கள் குறி வைப்பது அந்த மினுக்கத்தை. மனிதக் கண் அப்படி மின்னாது. ஆனால் உங்கள் மூக்குக்கண்ணாடியும் பையில் தைத்த பளபளப்புப் பட்டையும் மின்னும். இப்படித் துழாவும் வெளிச்சம் தெரிந்த நொடியே குரல் கொடுங்கள்.

தரையிலிருந்து 15, 20 அடி உயரத்தில் அசையாமல் நிற்கும் வெளிச்சம் பரண். ராகியோ மக்காச்சோளமோ நிலக்கடலையோ விளைந்து நிற்கிறது, யானைக்கும் பன்றிக்கும் காவல் இருக்கிறார்கள். பாறை முகத்தில் சிறு தீயும் புகையும் தெரிந்தால் அது மலைத்தேன் எடுப்பவர்களாக இருக்கலாம். அங்கே கத்தவும் வேண்டாம், டார்ச் அடிக்கவும் வேண்டாம். கலைந்த மலைத்தேனீ இருட்டில் வெளிச்சத்தைத் தேடித்தான் வரும். வனப்பொருள் சேகரிக்க 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடிகளுக்கு உரிமை தந்திருக்கிறது. அந்த இடத்தில் விருந்தாளி நீங்கள்தான்.

உங்களைக் கண்டதும் சட்டென்று அணைந்துபோகும் வெளிச்சம்தான் யோசிக்க வைப்பது. அவர்களுக்கு உங்களைச் சந்திக்க விருப்பமில்லை. நல்லதாகப் போயிற்று, உங்களுக்கும் வேண்டாம். தேடிப் போகாமல், பேசிக்கொண்டே வந்த வழியில் திரும்புங்கள்.

உங்கள் கை டார்ச்

தலையில் மாட்டும் டார்ச் நடக்க வசதி, ஆளைச் சந்திக்க மகா தொல்லை. பேசும்போது முகம் திரும்பும் பக்கமெல்லாம் வெளிச்சமும் திரும்பி, நேராக எதிராளியின் கண்ணில் அடிக்கும். இருட்டுக்குப் பழகிய கண் ஒரு நொடி கூசினால், மறுபடி முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதுவரை உங்களை அவரால் சரியாகப் பார்க்க முடியாது. பார்க்க முடியாதவர் பயப்படுவார், பயந்தவர் அரிவாளை இறுக்கிப் பிடிப்பார். வெளிச்சம் கண்டதும் தலை டார்ச்சைக் கழற்றி இடுப்பளவில் பிடித்து, உங்களுக்கு 3 மீட்டர் முன்னால் தரையில் அடியுங்கள். தரையில் பட்டுத் தெறிக்கும் ஒளியே இரண்டு பேர் முகத்தையும் காட்டப் போதும். 100 முதல் 200 லூமன் டார்ச் தாராளம். ஆயிரம் லூமன் என்று பெருமையாக வாங்கியதை வண்டியிலேயே வையுங்கள். மாற்று டார்ச் ஒன்று பையில் அல்ல, சட்டைப் பையில் இருக்கட்டும்.

குரல் கொடுப்பது

சுமார் 20 மீட்டர் தொலைவிலேயே பேச்சைத் தொடங்கிவிட வேண்டும். இருட்டில் பத்தடி தூரத்தில் திடீரென்று கேட்கும் குரல் எவரையும் உலுக்கிவிடும். கொங்குப் பக்கம் "யாருங்க அது?", தேனி, மதுரைப் பக்கம் "யாருண்ணே வர்றது?", நெல்லைச் சீமையில் "யாரு அண்ணாச்சி?" என்று கேட்டால் போதும். தாளவாடி, பர்கூர் பக்கம் கன்னடம் பேசுபவர்கள் நிறைய. அங்கும் "யாரு?" என்பது புரியும். வயதானவர் குரலாக இருந்தால் "ஐயா", பெண் குரல் என்றால் "அக்கா". "எவன்டா அது" என்று அதட்டுவது சினிமாவில் சரி. காட்டில் அது சண்டைக்கு அழைப்பது.

பதிலுக்குக் காத்திராமல், உங்களைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். ஊர்ப் பெயர், எத்தனை பேர், எங்கே போகிறீர்கள், மூன்றும் ஒரே மூச்சில்: "நாங்க ஈரோட்டுக்காரங்க, நாலு பேரு, வழி தவறிட்டோம், கீழ ரோட்டுக்குப் போறோம்." தனியாக இருந்தாலும் "நாங்க" என்றே பேசுங்கள். "பின்னால ரெண்டு பேர் வர்றாங்க" என்பது யாருக்கும் தீங்கில்லாத பொய். கூட்டமாக இருந்தால் ஒருவர் மட்டும் பேசட்டும். நாலு பேரும் நாலு பக்கம் கத்துவதுதான் இந்தச் சந்திப்புகள் கெட்டுப்போக வழக்கமான காரணம். செல்போனைத் தூக்கிப் படம் பிடிப்பது இன்னொன்று.

ஒற்றையடிப் பாதையில் வழிவிடும்போது மேட்டுப் பக்கம் ஒதுங்குங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால் லேசாக இடித்தாலும் உருளுவீர்கள். கால் வைக்கும் முன் அந்தப் புல்லைக் கம்பால் தட்டிவிடுங்கள். சாரை போய்விடும், விரியன் நகர மாட்டேன் என்று கிடக்கும், அதனால் கண்ணாலும் பாருங்கள். இரண்டு கையும் வெளியே தெரியட்டும். எதிராளி தோளில் சாக்கு இருந்தால் அதில் என்ன என்று கேட்காதீர்கள், டார்ச்சையும் அதன்மேல் அடிக்காதீர்கள். அவர் சொல்லும் செய்தியை மட்டும் கவனமாகக் கேளுங்கள். "மேல யானை நிக்குது, இப்படிப் போகாதீங்க" என்றால் அப்படியே நம்பித் திரும்புங்கள். அது பொய்யாக இருந்தாலும் உங்களுக்கு நட்டம் அரை மணி நேரம்தான்.

காவல்காரரும் கரண்டும்

காட்டை விட்டு இறங்கி வயல் தெரிந்ததும் நிம்மதியாகி, வரப்பேறிக் குறுக்கே நடப்பவர்கள் உண்டு. இரவில் செய்யக்கூடாத காரியங்களில் முதலாவது இதுதான். முறையான சோலார் வேலி விட்டுவிட்டுத் துடிப்பாக அடிக்கும், உதறும், ஆளைக் கொல்லாது. சிலர் சட்டவிரோதமாக மோட்டார் லைனிலிருந்து நேரடியாகக் கொக்கி போட்டு, முழங்காலுக்குக் கீழே கட்டுக்கம்பி இழுத்துவிடுவார்கள். அது பிடித்தால் விடாது. யானையே செத்துப்போகிறது. டார்ச் வெளிச்சத்தில் அந்தக் கம்பி பெரும்பாலும் தெரியாது.

எனவே பரண் வெளிச்சம் தெரிந்தால் அதைத் தவிர்க்காதீர்கள். அந்த ஆள்தான் உங்களைக் கூட்டிப் போகப் போகிறவர். காட்டின் ஓரத்திலேயே நின்று, டார்ச்சை உங்கள் மார்பில் அடித்துக் காட்டுங்கள். துணியும் முகமும் தெரிந்தால் பன்றி இல்லை என்று புரியும். "அண்ணா, கம்பில கரண்ட் இருக்குதுங்களா?" என்று கேளுங்கள். அவர் இறங்கி வந்து அழைத்துப் போகும்வரை ஓரடி வைக்க வேண்டாம். பட்டாசு வெடித்தால் பதறாதீர்கள், அது யானைக்கு. நாய் பாய்ந்து வந்தால் ஓடாமல் கம்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டு நில்லுங்கள். ஆள் அதட்டினால் அடங்கிவிடும்.

காக்கி உடுப்பு

வேட்டைத் தடுப்புக் காவலர்கள் இரவில் ரோந்து வருவார்கள், பெரும்பாலும் அந்த ஊர்ப் பழங்குடிகளே. உடுப்பு முழுதாக இருக்க வேண்டும் என்பதில்லை. அனுமதிச் சீட்டையும் அடையாள அட்டையையும் பையின் அடியில் திணிக்காமல் மேல் அறையில் வையுங்கள். கேட்டதும் எடுக்க முடிந்தால் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடியும். அனுமதி இல்லாமல் மாட்டிக்கொண்டவர் கதை கட்டக் கூடாது. வழி தவறிய இடத்தைச் சொல்லி, அவர்களோடு இறங்கிவிடுங்கள்.

வனத்துறை என்றோ போலீஸ் என்றோ சொல்லிக்கொண்டு அங்கேயே காசு கேட்பவர்களும் உண்டு. ஆணும் பெண்ணுமாகப் போனவர்களை மிரட்டுவது இந்தக் கும்பலின் வழக்கம். "எந்த ரேஞ்ச் சார்? வனவர் பேரு என்ன?" என்று பணிவாகக் கேளுங்கள். அபராதம் என்றால் ரசீது வேண்டும், ரேஞ்ச் ஆபீசுக்கே (வனச்சரக அலுவலகம்) வந்து கட்டுகிறோம் என்று சொல்லுங்கள். உண்மையான ஊழியருக்கு இதில் கோபம் வராது. சிக்னல் இருந்தால் அவர்கள் எதிரிலேயே 112ஐ ஸ்பீக்கரில் போட்டுப் பேசுங்கள். ஆனால் கத்தி தெரிந்துவிட்டால் சட்டம் பேசாதீர்கள். பணத்தையும் போனையும் கொடுத்துவிடுங்கள்.

வேட்டைக் கும்பல்

நாட்டுத் துப்பாக்கி, நாய்கள், துழாவும் வெளிச்சம், தாழ்ந்த குரல் பேச்சு. பார்த்ததும் புரிந்துவிடும். உங்களுக்குப் புரிந்தது அவர்களுக்குத் தெரியக் கூடாது. "வழி தவறிட்டோம், ரோடு எந்தப் பக்கம்?" என்ற ஒரே கேள்வியோடு முடித்துக்கொண்டு, காட்டிய திசையில் போய்விடுங்கள். முகங்களை உற்றுப் பார்க்க வேண்டாம். போகிற வழியில் பழம் போலவோ உருண்டை போலவோ கீழே கிடப்பதைத் தொடாதீர்கள். அவுட்டுக்காய் என்பது பன்றிக்கு வைக்கும் வெடி, கையிலும் வெடிக்கும். செடிகளுக்கிடையே கம்பி வளையம் தொங்கினால் அது சுருக்கு. கழற்ற முயலாமல் இடத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

டென்ட் பக்கம் ஆள் வந்தால்

டென்டுக்குள் விளக்கு எரிந்தால் அது தோல்பாவைக்கூத்துத் திரைதான். எத்தனை பேர், எங்கே படுத்திருக்கிறார்கள், யார் எழுந்தார்கள் எல்லாம் வெளியே நிற்பவருக்குத் தெரியும். காலடி கேட்டதும் முதல் வேலை விளக்கை அணைப்பது. அடுத்து செருப்போ ஷூவோ கால்களில். வெறுங்காலோடு வெளியே வந்தவரால் முள்காட்டில் பத்தடி போக முடியாது. பிறகு உள்ளிருந்தே குரல் கொடுங்கள், முன்பு சொன்ன அதே பணிவோடு. தலையை முன்னால் நீட்டித் தவழ்ந்து வெளியே வருவது ஆபத்தான நிலை. ஆளின் குரல் ஒரு பக்கம் கேட்டால் மறுபக்க வாசலால், கால்களை முதலில் வைத்து வாருங்கள். காலடி கனமாக, மூச்சோடு கேட்டு, குரலுக்குப் பதில் வராவிட்டால் அது ஆளாக இல்லாமல் இருக்கலாம். அப்போது ஜிப்பைத் திறக்காதீர்கள்.

குடித்துவிட்டு வரும் உள்ளூர் இளைஞர்கள்தான் இங்கே அடிக்கடி வரும் விருந்தாளிகள். அவர்களோடு உட்கார்ந்து குடிக்காதீர்கள், கேலிக்குப் பதில் கேலியும் வேண்டாம். தோட்டத்துக்காரர் பெயரைச் சொல்லி, "அவர் இப்ப வர்றேன்னாரு" என்றால் பெரும்பாலும் கலைந்துவிடுவார்கள். போகவில்லை என்றால் டென்டை அப்படியே விட்டுவிட்டு வண்டிக்குப் போங்கள். அதற்காகத்தான் வண்டியை வெளியேறும் திசை பார்த்து நிறுத்த வேண்டும், சாவி இரவு முழுக்க சட்டைப் பையில் இருக்க வேண்டும். டென்ட் அடிக்கும்போதே பாதையிலிருந்து 60, 70 மீட்டர் தள்ளிப் போடுங்கள். குளத்தங்கரையைத் தவிர்க்கவும். தண்ணீருக்கு விலங்கு வரும், விலங்குக்காக ஆளும் வருவான்.

உதவி கேட்பது

112 அழைப்பு உங்கள் சிம்முக்குச் சிக்னல் இல்லாவிட்டாலும் வேறு நிறுவனத்தின் கோபுரம் எட்டினால் போகும். அடிபட்டிருந்தால் 108, பெண்களுக்கு 181. பேச்சு அறுபடும் இடத்திலும் எஸ்எம்எஸ் பெரும்பாலும் போய்ச் சேரும். ஜிபிஎஸ்ஸுக்கு சிக்னல் வேண்டாம். மேப்பில் புள்ளியை அழுத்திப் பிடித்து வரும் எண்களை, புள்ளிக்குப் பின் 5 இலக்கம் வரை அனுப்பினால் தேடி வருபவர்களுக்கு அது போதும். விசில் என்றால் மூன்று ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி மூன்று. வெளிநாட்டிலிருந்து வரும் நண்பர்கள் சாட்டிலைட் போன் கொண்டுவந்தால் தடுத்துவிடுங்கள்; இந்தியாவில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பதே வழக்காகும்.

சுருக்கோ அவுட்டுக்காயோ கண்டிருந்தால், விடிந்தபின் அந்த எண்களோடு ரேஞ்ச் ஆபீசில் சொல்லுங்கள். வழிகாட்டிய பரண்காரர் தன் கம்பியில் கரண்ட் விட்டிருந்ததை அங்கே சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு. சொல்லாவிட்டால் நாளை இரவு அந்த வரப்பில் ஏறப் போகிறவருக்குக் கம்பி தெரியாது.