தீயா, நெருப்பா, அனலா: இடத்துக்கேற்ற சொல்லைத் தேர்வது எப்படி?

தீ, நெருப்பு ஆகிய இரண்டுக்கும் அகராதிகள் ஒரே பொருளைத் தந்தாலும், வழக்கு அவற்றை ஒன்றாகக் கொள்வதில்லை. எது பொருந்தும் என்ற ஐயம் எழுந்தால், எரிதல் என்னும் நிகழ்வைச் சொல்ல வருகிறோமா, கையாளக்கூடிய ஒரு பொருளைச் சொல்ல வருகிறோமா என்று முதலில் பார்க்க வேண்டும். மூள்வதும் பரவுவதும் பெரும்பாலும் தீ; அதனால்தான் தீ விபத்து, காட்டுத்தீ என்கிறோம். அள்ளிக் கொட்டுவதும் வயிற்றில் கட்டிக்கொள்வதும் நெருப்பு. இது முழு விதியன்று. தீப்பெட்டியை நெருப்புப்பெட்டி என்போரும் உண்டு. ஆனால் மரபுத்தொடர்களில் கைவைக்க இடமே இல்லை. ஒருவர் தீயாய் வேலை செய்கிறார் என்றால் அது வேகம். பண விஷயத்தில் அவர் நெருப்பு என்றால் அது கறைபடாத நேர்மை.

தீ என்ற சொல்லில் இன்னொரு பொறி இருக்கிறது. தீய, தீது, தீமை ஆகியவற்றின் பொருளும் அதே ஓரெழுத்துக்குள் அடங்கும். தீயவை தீயைவிட அஞ்சத்தக்கவை என்னும் 202ஆம் குறளின் நயமே இந்த ஒலியொற்றுமையில்தான் நிற்கிறது. ஆகவே, ஆவேசமான உரையைப் பாராட்ட எண்ணித் தீச்சொல் என்று எழுதினால், அது வசைச்சொல் என்றே பொருள்படும். அங்கே அனல் பறக்கும் பேச்சு என்பதே தக்கது.

அனல் வெப்பம் வீசுவது. தணல், சுவாலை அடங்கியபின் கனன்றுகொண்டிருப்பது. அத்தணலின் ஒரு துண்டு கங்கு. இம்மூன்றையும் நெருப்பு என்ற ஒரே சொல்லால் கடந்துபோவது சோம்பல் என்பேன்.

எழுத்துப்பிழை மிகுதியாக நேர்வது சந்தியில்தான். தீக்காயம், தீப்பொறி, தீச்சுடர் எனத் தொகைச்சொற்களில் வல்லினம் மிகும். தீ பரவியது என எழுவாயாக நிற்கையில் மிகாது. உயிரெழுத்து வந்தால் யகரம் தோன்றித் தீயணைப்பு, தீயில் என்றாகும். எரிபொருள் வினைத்தொகையாதலால் அங்கே ஒற்று இடக்கூடாது.

பிறப்பைப் பார்த்தால், நெருப்புக்குத் தெலுங்கின் நிப்பு உறவு. தீ மலையாளத்திலும் தீயே. அக்கினி வடமொழிச் சொல், லத்தீனின் இக்னிஸ் அதன் உறவினம். அக்கினிப்பரீட்சை போன்ற நிலைத்த தொடர்களுக்கு வெளியே அதற்குத் தேவை குறைவு.

ஆங்கிலத்தின் ஃபயர் என்ற சொல்லைத் தமிழாக்குவோர் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். துப்பாக்கியைப் பொறுத்தவரை அது சுடுதல். வெப்பம் குறித்த சொல்லே ஆயுதத்துக்கும் நம் மொழியில் அமைந்திருப்பது வியப்பான ஒற்றுமை. ஆனால் ஊழியரைப் பொறுத்தவரை அது பணிநீக்கம். போர்க்களத்தில் அது நிறுத்தப்படும்போது போர்நிறுத்தம். இவ்விரண்டு இடங்களிலும் தீயோ நெருப்போ தலைகாட்டக் கூடாது.