கல்லூரி ஆசிரியர் தன் கற்பித்தலைச் சீர்செய்வது எப்படி: ஒரு அலகிலிருந்து தொடங்குங்கள்

ஆசிரியர்களுக்கு ஊக்கம் குறைந்துவிட்டது என்று தோன்றினால் நிர்வாகங்கள் செய்யும் முதல் வேலை, ஓர் ஊக்க உரைக்கு ஏற்பாடு செய்வது. அந்த உற்சாகம் அடுத்த வாரம்வரைகூடத் தாங்குவதில்லை. தான் நடத்தியது மாணவர் தலையில் ஏறியதைக் கண்ணால் பார்க்கிற ஆசிரியருக்குத்தான் அடுத்த வகுப்புக்கு உட்கார்ந்து தயாராகத் தோன்றும். ஆகவே திறனிலிருந்து தொடங்குவதே மேல். அதையும் சின்னதாகத் தொடங்க வேண்டும்.

ஒரு செமஸ்டருக்கு ஒரு பாடம், அதில் ஒரே ஒரு அலகு. எந்த அலகு என்பதை உள்ளுணர்வுக்கு விடாதீர்கள். போன முறை எழுதிய விடைத்தாள்களில் இருபதை எடுத்து, மதிப்பெண் போன இடங்களை மூன்றாகப் பிரியுங்கள்: கருத்தே புரியாதது, புரிந்தும் செய்முறையில் தவறியது, கேள்வியையே தப்பாகப் படித்தது. முதல் வகை அதிகமுள்ள அலகுதான் உங்கள் வேலைக்களம். மூன்றாவது வகை அதிகமென்றால் திருத்த வேண்டியது வினாத்தாளை.

அடுத்து, பாடக்குறிப்பைத் தொடுவதற்கு முன் தேர்வுக் கேள்வியை எழுதுங்கள். "மாணவர் புரிந்துகொள்வார்" என்ற நோக்கத்தை யாராலும் அளக்க முடியாது. "கொடுத்த தரவிலிருந்து பிழையைக் கண்டுபிடித்துக் காரணம் சொல்வார்" என்றால் அளக்கலாம். நோக்கத்தில் பகுப்பாய்வு என்று எழுதிவிட்டு, தேர்வில் வரையறை கேட்பதுதான் அடிக்கடி நடக்கிற கோளாறு. மாணவர் படிப்பது வினாத்தாளுக்காக. நோக்கப் பட்டியலை அவர் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை.

வகுப்பில் செய்ய வேண்டியது

ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை, பெரிய வகுப்புகளுக்கும் செலவில்லாமல் பொருந்தும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் விளக்குங்கள். பிறகு நான்கு விடைகள் கொண்ட ஒரு கருத்துக் கேள்வி. ஒன்றிரண்டு நிமிடம் யாரும் பேசாமல் தனியாக யோசித்து வாக்களிக்கட்டும். சரியான விடை 30 முதல் 70 சதவீதத்துக்குள் வந்தால், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு மூன்று நிமிடம் வாதிடவிட்டு மறுபடி வாக்கெடுங்கள். 30க்குக் கீழே என்றால் வாதிட அவர்களிடம் சரக்கு இல்லை, திரும்ப விளக்குங்கள். 70ஐத் தாண்டினால் இரண்டு வரி சொல்லிவிட்டு நகருங்கள். ஐம்பது நிமிட வகுப்பில் இரண்டு கேள்வி, மிஞ்சினால் மூன்று.

இது பிசகுவதற்குச் சில காரணங்கள் உண்டு. முதல் வாக்கின் முடிவை உடனே காட்டிவிட்டால் பலர் பெரும்பான்மைப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். வாதம் அங்கேயே செத்துவிடும். கையைத் தூக்கச் சொன்னால் முன்வரிசையைப் பார்த்துப் பின்வரிசை தூக்கும்; எல்லோரும் ஒரே நேரத்தில், விடை எண்ணுக்கேற்ற விரல்களை நெஞ்சுக்கு நேரே காட்டச் சொல்லுங்கள். தப்பான விடைகளைக் கற்பனையில் எழுதினால் யாரும் அவற்றில் சிக்க மாட்டார்கள். நீங்கள் பிரித்து வைத்த அந்த இருபது விடைத்தாள்களில் அசல் தவறுகள் இருக்கின்றன. அவற்றையே எடுத்துப் போடுங்கள்.

"சிலபஸ் முடியாதே" என்ற பயம் நியாயமானது. வரையறை, பட்டியல், சூத்திரத் தருவிப்பின் எளிய படிகள் ஆகியவற்றை வகுப்புக்கு முன் படித்துவரக் கொடுங்கள். நான்கைந்து பக்கத்துக்கு மேல் வேண்டாம். படித்து வந்ததை வகுப்பில் மறுபடி முழுவதும் சொன்னால், அடுத்த முறை யாரும் படித்து வர மாட்டார்கள்.

வாய்மொழியாகக் கேள்வி கேட்டால் மூன்று நொடியாவது காத்திருங்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடியளவுதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று நொடியாக நீட்டினால் பதில்கள் நீளுகின்றன என்றும் அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் பள்ளி வகுப்பறைகளில் காட்டினார். மனதுக்குள் எண்ணிக்கொள்வதுதான் வழி.

இரண்டாம் வாரம் முணுமுணுப்பு வரும்: "சார் நடத்துறதே இல்ல, எங்களையே பேச விடுறார்." இதை எதிர்பார்த்திருங்கள். 2014இல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் விரிவுரை கேட்டவர்கள் தோல்வியடையும் வாய்ப்பு, வகுப்பில் தாங்களே யோசித்துச் செய்து கற்றவர்களைப்போல் ஒன்றரை மடங்கு எனத் தெரிந்தது. ஆனால் 2019இல் வெளியான ஹார்வர்ட் ஆய்வு ஒன்றில், இப்படி மாணவரே செய்து கற்கும் செயல்வழி வகுப்பில் உண்மையில் அதிகம் கற்ற மாணவர்களே தாங்கள் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். மூளை உழைப்பதைப் புரியாமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். முதல் வகுப்பிலேயே இதை மாணவருக்குச் சொல்லிவிடுங்கள். துறைத் தலைவருக்கும்தான், ஏனென்றால் மாணவர் கருத்துப் படிவத்தில் உங்கள் புள்ளி கொஞ்சம் இறங்கலாம்.

திருத்துவது

அசைன்மென்டை ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுங்கள். அதற்குப் பிறகு குறிப்பை யாரும் படிப்பதில்லை. அறுபது பேருக்குத் தனித்தனியாக எழுதவும் முடியாது. அடிக்கடி வரும் ஆறேழு பிழைகளுக்கு எண் கொடுத்து, தாளில் எண்ணை மட்டும் போடுங்கள். விளக்கத்தைத் தனியாக ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் கொடுக்கலாம். மதிப்பெண்ணை அடுத்த வகுப்பில் சொல்லுங்கள். மதிப்பெண்ணும் குறிப்பும் ஒன்றாக வந்தால் கண் மதிப்பெண்ணைத் தாண்டிப் போகாது.

துறை செய்ய வேண்டியது

தன்னாட்சி, திறமையுணர்வு, பிணைப்பு என மூன்றை உள்ளூக்கத்தின் அடிப்படையாக உளவியலாளர்கள் டெசியும் ரயனும் சொன்னார்கள். நடைமுறையில்: இன்டர்னல் மதிப்பெண்ணை எப்படிப் பிரிப்பது என்பதை ஆசிரியரிடம் விடுங்கள். ஒரே பாடத்தை மூன்று ஆண்டாவது அவரே நடத்தட்டும். ஆண்டுதோறும் பாடத்தை மாற்றினால் எவ்வளவு பயிற்சி கொடுத்தும் வீண். கால அட்டவணையில் வாரம் ஒரு மணி நேரத்தை, ஒரே பாடம் நடத்துவோர் சேர்ந்து உட்கார ஒதுக்குங்கள்.

சக ஆசிரியர் வகுப்பைப் பார்க்க வந்தால், எதைக் கவனிக்க வேண்டும் என்று முன்கூட்டியே ஒரே ஒரு விஷயத்தைப் பேசி வையுங்கள். பார்ப்பவர் ஆசிரியரைக் குறித்துக் கருத்து எழுதாமல், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை மட்டும் எழுதட்டும். இரண்டு நாளுக்குள் பேசி முடியுங்கள். அந்தத் தாள் பதவி உயர்வுக் கோப்புக்குள் போகக் கூடாது. போனால் அடுத்த முறை உங்களுக்குக் காட்டப்படுவது ஒத்திகை பார்த்த வகுப்பாக இருக்கும்.

சம்பளம் குறைவு, பணி நிரந்தரமில்லை என்ற குறைகளைப் பயிலரங்கால் ஈடுகட்ட முடியாது. பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரை மட்டுமே கணக்கு என்றால் ஆசிரியர் கற்பித்தலைப் பின்னுக்குத் தள்ளுவது சோம்பல் இல்லை, கணக்கு தெரிந்த நடத்தை. சீர்செய்த ஒரு அலகின் கேள்விகள், வாக்குச் சதவீதங்கள், முன்பின் விடைத்தாள் ஒப்பீடு ஆகியவற்றை ஒரு கோப்பாக ஏற்று, கட்டுரைக்கு நிகராக மதிப்பிடுங்கள். அதே கோப்பு அடுத்து அந்தப் பாடத்தை எடுப்பவருக்கும் கைகொடுக்கும்.