திரையில் ஒரு நிறம், தாளில் ஒரு நிறம்: அச்சுக்குப் படம் அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"பிரிண்ட் கறுத்துப்போய் வந்துவிட்டது" என்ற புகாரில் பெரும்பாலும் அச்சு இயந்திரத்தின் மேல் தப்பிருக்காது. தப்பு மானிட்டரின் வெளிச்சத்தில். பெட்டியிலிருந்து எடுத்த மானிட்டர் பலவும் சதுர மீட்டருக்கு 250 கேண்டலாவுக்கு மேல் ஒளிரும். அதில் நிழல் பகுதிகள்கூடப் பளிச்சென்று தெரிவதால், படத்தை வேண்டிய அளவுக்கு வெளிறவிடாமலே அனுப்பிவிடுகிறோம். தாள் தானாக ஒளிராதே! அச்சு வேலைக்கு 80 முதல் 120 கேண்டலா போதும். திரையின் நிறத்தையும் வெளிச்சத்தையும் அளக்கும் கலரிமீட்டர் இருந்தால் அதைக் கொண்டு சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் நல்ல விளக்கின் கீழ் வெள்ளைத் தாள் ஒன்றைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையின் வெள்ளை அதனோடு ஏறக்குறைய ஒத்துப்போகும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள்.

அடுத்தது, அனுபவசாலிகளும் சறுக்கும் இடம்: ப்ரொஃபைலை (கோப்பில் உள்ள எண்கள் எந்த நிறத்தைக் குறிக்கின்றன என்று சொல்லும் விவரம்) 'அசைன்' செய்வதும் 'கன்வெர்ட்' செய்வதும் ஒன்றுதான் என்று நினைப்பது. சட்டை அளவு 36 அங்குலத்தை 91.44 சென்டிமீட்டர் என்று மாற்றி எழுதுவது கன்வெர்ட், அளவு மாறாது. எண்ணை அப்படியே விட்டு 36 சென்டிமீட்டர் என்று எழுதுவது அசைன். அந்த அளவில் தைத்த சட்டை பொம்மைக்குத்தான் ஆகும். அடோபி ஆர்ஜிபி, எஸ்ஆர்ஜிபி இரண்டும் திரையின் சிவப்பு, பச்சை, நீல (ஆர்ஜிபி) முறைக்கான ப்ரொஃபைல்கள், முதலாவதன் நிற எல்லை அகன்றது. அடோபி ஆர்ஜிபி படத்துக்கு எஸ்ஆர்ஜிபியை அசைன் செய்தால் நிறம் சோகை பிடித்துப்போவது இதனால்தான். ப்ரொஃபைலே இல்லாத கோப்பு வந்தால் மட்டும், அது எதில் உருவானதோ அதை முதலில் அசைன் செய்து, பிறகு கன்வெர்ட் செய்ய வேண்டும்.

அச்சின் நான்கு மை முறையான சிஎம்ஒய்கேவுக்கு (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு) மாற்றும்போது மென்பொருள் தரும் இயல்பு அமைப்பை அப்படியே ஏற்பதும் தவறு. எந்த ப்ரொஃபைல், மொத்த மை அளவு (ஓரிடத்தில் விழும் நான்கு மைகளின் சதவீதக் கூட்டு) எவ்வளவு என்று அச்சகத்தில் கேட்டு வாங்குங்கள். ஐரோப்பியத் தர வரிசையில் பூச்சுத் தாளுக்கு ஃபோக்ரா51, பூச்சில்லாத் தாளுக்கு ஃபோக்ரா52. பூச்சுத் தாள் 300 சதவீதம் மை தாங்கும். செய்தித்தாளுக்கு 240 தாண்டினால் மை காயாமல் எதிர்ப் பக்கத்தில் ஒட்டும்.

நீலம் ஊதாவாக மாறுவது தனிக்கதை. ஆர்ஜிபியில் 0, 0, 255 என்ற நீலத்தை ஸ்வாப் 2 என்ற அமெரிக்க அச்சு ப்ரொஃபைலுக்கு மாற்றினால் சயான் 88, மெஜந்தா 77 என்று வருகிறது. இரண்டும் இவ்வளவு நெருங்கினால் ஊதா எட்டிப்பார்க்கும். மெஜந்தாவை சயானைவிட 30 புள்ளியாவது கீழே வையுங்கள். சயான் 100, மெஜந்தா 65 நீலமாகவே நிற்கும். திரையில் கண்ட அந்த மின்னும் நீலம் மட்டும் நான்கு மையில் கிடைக்காது. அது வேண்டுமென்றால் அந்த நிறத்திலேயே முன்கூட்டிக் கலந்த தனி மை, அதாவது ஸ்பாட் மைதான்.

கறுப்பிலும் இதே வம்பு. ஆர்ஜிபி கறுப்பு எழுத்து அதே ப்ரொஃபைலில் 75, 68, 67, 90 என்று நான்கு மையிலும் பிரிகிறது. தகடு ஒரு மயிரிழை நகர்ந்தால் பொடி எழுத்தின் ஓரத்தில் நிறம் கசியும். எழுத்துக்குக் கறுப்பு மை 100 மட்டும் போதும்.

ஃபோட்டோஷாப்பில் கன்ட்ரோல் ஒய் அழுத்தினால் சாஃப்ட் ப்ரூஃப், அதாவது அச்சு எப்படி வரும் என்பதன் திரை முன்னோட்டம் தெரியும். 'சிமுலேட் பேப்பர் கலர்' போட்டதும் படம் செத்துப்போனதுபோல் இருக்கும். பயப்பட வேண்டாம், தாளின் வெள்ளை அவ்வளவுதான். அச்சில் வராத நிறங்களைச் சுட்டும் கேமட் எச்சரிக்கை சாம்பல் திட்டுகளைக் காட்டியதும் படம் முழுவதற்கும் சாச்சுரேஷனை (நிறச் செறிவை) குறைப்பதுதான் தவறு. எந்த நிறம் எல்லை தாண்டுகிறதோ அதை மட்டும் தொடுங்கள்.

இங்க்ஜெட்டில் நீங்களே எடுப்பதானால், நிற மேலாண்மையை மென்பொருளிடம் விட்டு பிரிண்டர் டிரைவரில் அணைத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்து திருத்தினால் முகமெல்லாம் செம்மை ஏறும்.

மூலக் கோப்பை எப்போதும் ஆர்ஜிபியிலேயே வையுங்கள். சிஎம்ஒய்கேவில் போன நிறம் திரும்ப மாற்றினாலும் வராது. வந்த பிரிண்ட்டை மஞ்சள் பல்பின் கீழ் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அதற்கென்றே உள்ள தர ஒளி டி50, அதாவது 5000 கெல்வின். அந்த விளக்கு இல்லையென்றால் பகல் வெளிச்சம் விழும் ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பாருங்கள்.