ரிவர் ரெட் கம்: விதையிலிருந்து வளர்க்கலாம்

மெல்பர்னுக்கு வடக்கே எப்பிங், சவுத் மொராங், மெர்ண்டா பக்கம் குடியிருக்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். புது மனைகளுக்கு நடுவே அங்கங்கே நிற்கும் பருத்த கிழட்டு மரங்கள் பெரும்பாலும் ரிவர் ரெட் கம் என்னும் யூகலிப்டஸ் வகை. வெள்ளைக்காரர் வருமுன்பே நின்றவையும் அவற்றில் உண்டு. அந்த மரங்களின் வாரிசுகள் இதே மண்ணில் வளர வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

இலையை மட்டும் பார்த்து இது ரெட் கம்தான் என்று முடிவு செய்யாதீர்கள், யூகலிப்டஸ் இலைகள் ஏமாற்றும். மரத்தடியில் மொட்டையும் காயையும் பொறுக்கிப் பாருங்கள். ரெட் கம் மொட்டு கொத்துக்கு ஏழோ அதற்கு மேலோ இருக்கும்; மூடி உருண்டு, நுனி கிளி மூக்குபோல் கூராக இருக்கும். காய் மிகச் சிறியது, விளிம்புக்கு மேல் பெரும்பாலும் நான்கு பற்கள் நீட்டிக்கொண்டிருக்கும். வேறு யூகலிப்டஸ் வகைகளில், மன்னா கம் மொட்டு மும்மூன்றாக வரும். ஸ்வாம்ப் கம் காய் புனல் வடிவம், பல் வெளியே நீட்டாது.

விதைக்கு, கீழே கிடக்கும் பழைய காய் உதவாது, காலியாகியிருக்கும். கிளையிலேயே முற்றிப் பழுப்பேறி, இன்னும் வாய் திறக்காத காய் வேண்டும். பொது நிலத்தில் அனுமதியில்லாமல் பறிக்காதீர்கள். தன் நிலத்தில் மரம் வைத்திருப்பவரைக் கேளுங்கள். காகிதப் பையில் போட்டு வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் சில நாளில் தானே திறந்து கொட்டும். விதையோடு வரும் உமியைப் பிரிக்க மெனக்கெட வேண்டாம், சேர்த்தே தூவலாம். ஸ்னோ கம் என்ற இன்னொரு யூகலிப்டஸின் விதையைப்போல ஃப்ரிட்ஜில் ஈரத்தோடு வைத்திருக்கும் வேலையும் இதற்கு இல்லை.

வசந்தத்தில் விதையுங்கள். மண்கலவை மேல் தூவி, விதை மறையும் அளவு மணல் போதும். மேலிருந்து ஊற்றினால் விதை அடித்துக்கொண்டு போய்விடும்; ட்ரேயை ஆழமில்லாத தண்ணீரில் வைத்தால் அடியிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும். ஒன்றிரண்டு வாரத்தில் முளைக்கும்.

விதையிலைக்குப் பிறகு இரண்டு ஜோடி இலை வந்ததும் ஒல்லியான ஆழத் தொட்டிக்கு மாற்றுங்கள். அப்போது வேர் மடங்கவே கூடாது. மடங்கிய வேர் பின்னால் நிமிராது, மரம் வளர்ந்தபின் காற்றில் சாயும்.

இலையுதிர்காலத்தில் மழை விழுந்து மண் நனைந்தபின் நடலாம். வீட்டருகே மட்டும் வேண்டாம்: 30 மீட்டருக்கு மேலும் உயரும், காற்றே இல்லாத கோடை நாளிலும் பெரிய கிளையை உதிர்க்கும். இடமில்லையென்றால் உங்கள் பகுதி க்ரீக் (ஓடை) பராமரிப்புக் குழுவிடம் பேசிப் பாருங்கள். தாய்மரம் எங்கே நின்றது, எந்த மாதம் பறித்தீர்கள் என்று முதல் நாளே லேபிளில் எழுதிவிடுங்கள்; அவர்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.