நடைபாதையில் வாழ்பவர்களைப் படமெடுக்கும் முன்

சென்னை பாரிமுனை, வால்டாக்ஸ் சாலைப் பக்கத்து நடைபாதைகளில் தலைமுறைகளாகக் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. விடுமுறை நாட்களில் அங்கே கேமராவோடு நடக்கிறவர்களும் இப்போது அதிகம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்காக, நான் கடைப்பிடிக்கும் முறையை எழுதுகிறேன். ஐஎஸ்ஓ, ஷட்டர் வேகம் போன்றவற்றைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அவை இங்கே இல்லை.

1. லென்ஸ்

35 மி.மீ. போதும். செல்பேசியும் போதும். 70-200 ஜூம் லென்ஸை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். சாலைக்கு அந்தப் பக்கம் நின்றபடி, எதிர்ப்பக்கம் இருப்பவருக்குத் தெரியாமலே அவர் முகத்தை எடுத்துவர அது இடம் கொடுக்கிறது. 35 மி.மீ. லென்ஸில் முகம் வேண்டுமென்றால் பேசும் தூரத்துக்குப் போயே ஆகவேண்டும். அதனால்தான் அதைச் சொல்கிறேன்.

2. நேரம்

விடியற்காலை வேண்டாம். தூங்குகிறவரிடம் அனுமதி கேட்க முடியாது. குளிப்பது, சாப்பிடுவது, பிள்ளைக்குப் பால் கொடுப்பது எதையும் எடுக்காதீர்கள். சுவர் இல்லாததால் அது அவர்களின் வீடு இல்லை என்றாகிவிடாது. மாலை நான்கு மணிக்கு மேல் வெளிச்சமும் நன்றாக இருக்கும், வேலைக்குப் போனவர்களும் திரும்பத் தொடங்கியிருப்பார்கள்.

3. அனுமதி

இதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கேட்டோம், தலையசைத்தார்கள், எடுத்தோம் என்று முடித்துவிடுகிறார்கள். அந்தத் தலையசைப்பு எதற்கு என்று பார்க்க வேண்டும்.

ஒருமுறை என் கேமராவைப் பார்த்ததுமே ஒரு பெண்மணி எழுந்து, மூட்டையிலிருந்து ரேஷன் கார்டையும் ஆதார் அட்டையையும் எடுத்து மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார். நான் இன்னும் எதுவுமே கேட்கவில்லை. வீடு ஒதுக்குவதற்கான கணக்கெடுப்பு என்று அவர் நினைத்திருந்தார். நடைபாதையில் இருப்பவர்களை இதற்கு முன்பும் படம் எடுத்திருக்கிறார்கள், பெயர் எழுதிப் போயிருக்கிறார்கள். அரசின் மறுகுடியமர்வுக் குடியிருப்புகள் உள்ள கண்ணகி நகரிலோ பெரும்பாக்கத்திலோ ஒரு வீடு கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு ஒவ்வொரு கேமராவோடும் சேர்ந்து வருகிறது. அந்த எதிர்பார்ப்பில் கிடைக்கும் சம்மதம் நமக்கான சம்மதம் அல்ல.

அதனால் கேமராவைப் பையில் வைத்துவிட்டு, அவர்கள் உட்கார்ந்திருந்தால் நானும் உட்கார்ந்துகொண்டு, இப்படிச் சொல்கிறேன்:

"அம்மா, நான் அரசாங்கத்திலிருந்து வரவில்லை. எந்தச் சங்கமும் என்னை அனுப்பவில்லை. படம் எடுப்பதில் ஆசை, அவ்வளவுதான். இதனால் வீடோ பட்டாவோ பணமோ வராது. படத்தை இணையத்தில் போடுவேன், உங்கள் ஊர்க்காரர்கள்கூடப் பார்க்கலாம். வேண்டாம் என்றால் எடுக்க மாட்டேன்."

"எதுவும் வராது" என்ற வாக்கியத்தை விழுங்கிவிடாதீர்கள். அதைச் சொன்ன பிறகு பலர் மறுத்துவிடுவார்கள். மறுக்கட்டும். கடன்காரருக்கோ அடிக்கும் கணவனுக்கோ தெரியாமல் வந்து தங்கியிருப்பவர்கள் இருக்கலாம்; காரணத்தை நம்மிடம் சொல்லவேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை. இணையம் என்றால் என்னவென்று புரியாதவர்களுக்கு, முன்பு வெளியிட்ட ஒரு படத்தைச் செல்பேசியில் திறந்து, அதன் கீழே முன்பின் தெரியாதவர்கள் எழுதியிருப்பதையும் காட்டுங்கள். பெண்ணுக்காகப் பக்கத்திலிருக்கும் ஆண் "எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால், அந்தப் பெண்ணிடமே இன்னொரு முறை கேளுங்கள். போதையில் இருப்பவர், மனநலம் குன்றித் தெருவில் திரிபவர் ஆகியோர் தரும் சம்மதத்தைச் சம்மதமாகக் கொள்ளாதீர்கள்.

எல்லாம் தெரிந்து ஒப்புக்கொள்கிறவர் அநேகமாக முதலில் தலை சீவுவார், புடவை மாற்றுவார், பேரனைக் கூப்பிடுவார். காத்திருங்கள். அவர் எப்படித் தெரிய விரும்புகிறாரோ அப்படித்தான் எடுக்க வேண்டும்.

4. எடுக்கும்போது

கேமரா அவர் கண் உயரத்தில் இருக்கட்டும். எடுத்ததும் திரையைக் காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் அவர் முன்னாலேயே அழியுங்கள். கறுப்பு வெள்ளையாக்கி முகச் சுருக்கங்களை ஆழமாக்குவது எனக்குப் பிடிக்காது. அந்த நீலக் குடமும் மஞ்சள் புடவையும் அவர் தேர்ந்தெடுத்த நிறங்கள்.

5. குழந்தைகள்

பெற்றோர் சம்மதித்தாலும், அடையாளம் தெரியும் குழந்தை முகத்தை நான் வெளியிடுவதில்லை. படத்தின் பிரதியைப் பெற்றோருக்கு மட்டும் கொடுப்பேன். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பிரிவு 74, விசாரணை தொடர்பான செய்திகளில் பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடத் தடை விதிக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தெருவில் எடுத்த படம் அதற்குள் வருமா என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். நான் அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே போவதில்லை. ஆபத்தில் இருக்கும் குழந்தையைக் கண்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழையுங்கள்.

6. பிரதி

1936இல் கலிபோர்னியாவில் புகைப்படக் கலைஞர் டோரதியா லாங், பிள்ளைகளோடு கூடாரத்தில் இருந்த ஒரு தாயைப் படமெடுத்தார். படம் உலகப் புகழ் பெற்றது. அந்தத் தாய், பிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன், யாரென்று 1978இல்தான் வெளியே தெரிந்தது. தன் பெயரை லாங் கேட்கவில்லை, பிரதி அனுப்புவதாகச் சொல்லி அனுப்பவில்லை, அந்தப் படத்தை எடுத்திருக்கவே வேண்டாம் என்று அவர் சொன்னார்.

ஆகவே பெயரைக் கேளுங்கள், பிரதியைக் கொடுங்கள். உடனடிப் படம் தரும் இன்ஸ்டாக்ஸ் மினியைச் சிலர் விரும்புகிறார்கள். அதில் படம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும், பிரதியும் ஒன்றுதான். ஸ்டூடியோவில் 4×6 அங்குலத்தில் பிரிண்ட் போடுவதே என் தேர்வு. கட்டாயம் லேமினேட் செய்யுங்கள், நடைபாதையில் ஒரு மழைக்குத் தாள் ஊறிப்போகும். தாமதிக்காதீர்கள், அகற்றல் நடவடிக்கை வந்தால் ஒரே இரவில் இடம் மாறிவிடுவார்கள். பக்கத்து டீக்கடையில் கேட்டால் எங்கே போனார்கள் என்று தெரியும்.

7. வெளியிடுவது

படத்தோடு சேர்ந்து பதிவாகும் இருப்பிடத் தகவலை நீக்குங்கள். 'ஏக்கம்', 'விதி' போன்ற தலைப்புகள் வேண்டாம். மூட்டை தூக்குகிறார், மீன்பாடி வண்டி ஓட்டுகிறார், பூக்கட்டி விற்கிறார் என்று அவர் செய்யும் வேலையை, அவர் சம்மதத்தோடு எழுதுங்கள்.

பிற்சேர்க்கை: பணம் கேட்டால் என்ன செய்வது என்று இதைப் படித்தவர்கள் கேட்டார்கள். தயங்குகிறவர் கையில் நோட்டைத் திணித்து எடுக்காதீர்கள். அவரே தன் நேரத்துக்குக் கூலி கேட்டால் அது நியாயமான பேரம். பேசிக் கொடுங்கள், அல்லது எடுக்காமல் வாருங்கள்.

சம்மதித்தவர் பிறகு மனம் மாறினால் உங்களிடம் எப்படிச் சொல்வார் என்று இன்னொருவர் கேட்டார். லேமினேட் செய்யும் முன் பிரதியின் பின்பக்கம் உங்கள் செல்பேசி எண்ணைப் பெரிதாக எழுதிவிடுங்கள். அழைத்து, படத்தை இணையத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னால், காரணம் கேட்காமல் அன்றே நீக்கிவிடுங்கள்.