நெல் தரிசு உளுந்து: வயலிலும் வீட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தை மாதத்தில் சம்பா, தாளடி அறுவடையை ஒட்டிக் காவிரி டெல்டா வயல்களில் தெளிக்கப்படும் உளுந்தும் பச்சைப்பயறும், உழவின்றி, நெல் விட்டுச்சென்ற ஈரத்தையும் இரவுப் பனியையும் கொண்டே 70, 75 நாட்களில் விளைந்துவிடுகின்றன. இதைத்தான் நெல் தரிசுப் பயிர் என்கிறோம். செலவு அதிகமில்லாததால் ‘வந்தவரை லாபம்’ என்று பலர் இருந்துவிடுகிறார்கள். பெரும்பாலான தவறுகள் அந்த எண்ணத்தில்தான் தொடங்குகின்றன.

முதல் தவறு, தெளிக்கும் நாளைப் பற்றியது. அறுப்புக்கு 7 முதல் 10 நாட்களுக்கு முன் தெளிப்பது கையறுப்புக் காலத்துக் கணக்கு. மிஷின் அறுப்பிலும் அதையே பின்பற்றினால், முளைத்து இலை விரித்து நிற்கும் இளஞ்செடிகள் செயின் பூட்டிய அறுவடை வண்டிக்கடியில் நசுங்கி, தடம் போன இடமெல்லாம் சொட்டையாகிவிடும். வண்டி வருவதற்கு நான்கைந்து நாட்கள் முன்பாகத் தெளித்து, ஏக்கருக்கு 10 கிலோ என்ற விதையளவை 12 கிலோவாகக் கூட்டினால் இழப்பு குறையும். வண்டி சொன்ன நாளில் வருவதில்லை என்பது எல்லோரும் அறிந்ததுதான். ஆனாலும் வண்டிக்காரரிடம் உறுதியாகக் கேட்டுக்கொள்ளாமல் விதையைத் தெளிக்கக் கூடாது. அறுத்தபின் வரிவரியாகக் கிடக்கும் வைக்கோலை உடனே அப்புறப்படுத்தாவிட்டால், அதனடியில் முளைத்தவை வெளிச்சமின்றி வெளுத்து நீண்டு சாய்ந்துவிடும்.

மண் மெழுகு பதத்தில் இருக்க வேண்டும். கால் வைத்தால் தடம் பதிய வேண்டும், தடத்தில் தண்ணீர் ஊறக் கூடாது. ஊறினால் விதை அழுகும். மண் வெடிக்கத் தொடங்கியபின் தெளித்தால் பாதி முளைக்காது.

நெல் தரிசுக்கு ஏற்றதென ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த ஏ.டி.டீ. 3 போன்ற ரகங்கள் இருக்க, மளிகைக்கு வாங்கிய உளுந்தை விதைப்பது வீண் சிக்கனம். பூஞ்சாணக் கொல்லியையும், வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிரான ரைசோபியத்தையும் ஒன்றாகக் கலந்தால் அந்த நுண்ணுயிர் இறந்துவிடும். மருந்திட்டு 24 மணி நேரம் கழித்து, ஆறிய அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் கலந்து விதையில் புரட்டி, நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் காயவைத்தால் செய்த வேலை வீணாகும்.

பூக்கும் பருவத்தில் டி.ஏ.பி. உரக் கரைசலைத் தெளிக்காமல் விடுவதும், குருணையைக் கரைத்த உடனே டாங்கில் ஊற்றுவதும் வழக்கமாகிவிட்டன. ஏக்கருக்கு 4 கிலோவை முதல் நாளே 10 லிட்டர் நீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் வடிகட்டி, 200 லிட்டராக்கி மாலையில் தெளிக்க வேண்டும். 15 நாள் கழித்து மறுபடியும் தெளிக்க வேண்டும். மஞ்சள் தேமல் நோய் கண்ட செடியைத் தேறிவிடும் என்று விட்டுவைக்கக் கூடாது. அது தேறாது; வெள்ளை ஈ அதிலிருந்து நோயை அடுத்த செடிக்குக் கொண்டுபோகும். அறுவடையில் செடியை வேரோடு பிடுங்காமல் அடியில் அறுத்தால், வேர்முடிச்சுகளின் தழைச்சத்து மண்ணிலேயே தங்கும்.

சேமிப்பில், காய்ந்துவிட்டது என்று கைக்குத் தோன்றியதும் மூட்டை கட்டுவதே தவறு. பல்லில் கடித்தால் நசுங்காமல் ‘கடக்’கென்று உடைய வேண்டும். பயறு வண்டு பெரும்பாலும் வயலிலேயே காயின்மேல் முட்டையிட்டு வந்துவிடுவதால், வீட்டுத் தேவைக்கு வைத்ததை இடையிடையே எடுத்துக் காயவைப்பது அவசியம்.

விளைந்ததை விற்றுவிட்டு, வெள்ளை உளுந்தைக் கடையில் வாங்கி இட்லி, தோசையோடு நிறுத்திக்கொள்வது டெல்டா வீடுகளில் சாதாரணம். 100 கிராம் உளுந்தில் சுமார் 24 கிராம் புரதம் இருந்தாலும், தோலை நீக்கும்போது நார்ச்சத்தில் பெரும்பங்கு போய்விடுகிறது. கறுப்பு உளுந்தங்களி பெரியவளான பெண்ணுக்கு மட்டும் உரியது என்று ஒதுக்குவதும் சரியல்ல. வீட்டிலுள்ள ஆணுக்கும் முதியவருக்கும் அதே சத்து வேண்டும். புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில், அரிசியில் குறைவான லைசினைப் பயறும், பயறில் குறைவான மெத்தியோனினை அரிசியும் ஈடுசெய்வதால், பயறைத் தனியாக உண்பதைவிடச் சோற்றோடு சேர்ப்பது நல்லது. பயறின் இரும்புச்சத்து உடலில் எளிதில் சேர்வதில்லை. எலுமிச்சையோ நெல்லிக்காயோ உடன் இருந்தால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் காபி அதைத் தடுக்கும். கும்பகோணத்துக்காரர்களிடம் காபியை விடச் சொல்வது நடக்காத காரியம். ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும்.